சுற்றுலா ஊராட்சி அலுவலகத்தில் தொடங்குகிறது



1992-ல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-வது திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணையில் வரிசைப்படுத்தியது. வேளாண்மை, மீன்வளம், குடிநீர், சாலை, பாலம், படகுத்துறை, நீர்வழி, சந்தை, துப்புரவு, நூலகம் என்று எல்லாம் அதில் உண்டு. சுற்றுலா இல்லை. வரைந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கிராமம் என்றால் பிழைப்புத் தேடி ஆட்கள் கிளம்பிப் போகும் இடம் என்பதே அன்றைய நினைப்பு. காசு கொடுத்து அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று அன்று யார் எண்ணியிருப்பார்? ஆனால் அந்த 29-ஐ இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் கிராமத்துக்குள் வந்ததும் அவர் மிதிக்கும் சாலை, ஏறும் படகு, குடிக்கும் நீர், தின்னும் மீன், விட்டுப் போகும் குப்பை எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலா என்ற பெயர் மாநிலத் தலைநகரில் இருக்கிறது. சுற்றுலாவின் சுமை முழுவதும் ஊராட்சி அலுவலகத்தின் வாசலில் இறங்குகிறது. இன்று நான் சொல்ல வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான். கிராமத்தைக் கெடுக்காமல் சுற்றுலா நடத்த வேண்டுமானால் அதற்கான கருவிகள் ஏற்கெனவே ஊராட்சியிடம் இருக்கின்றன. கட்டட அனுமதி, தொழில் உரிமம், துப்புரவு, படகுத்துறை ஆகியவையே அவை. கட்டடம் எழும்புவதற்கு முன்னால் கையில் எடுத்தால்தான் அவை கருவிகள். எழும்பிய பிறகு நீதிமன்றமும் வெடிமருந்தும்தான் மிச்சம்.

வெடிமருந்து என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை என்பது கொச்சியின் தேவராவில் இருப்பவர்களுக்குத் தெரியும். குண்டன்னூர் பாலத்தைத் தாண்டினால் மரடு. மரடைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கு. 2023-ல் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 6.5 லட்சம் பேர். உள்நாட்டுப் பயணிகள் 2 கோடியே 18 லட்சத்துக்கும் மேல். உள்நாட்டுப் பயணிகள் வருகையில் எர்ணாகுளம் மாவட்டத்துக்கே முதலிடம். சுற்றுலாப் பயணி என்றதும் தொப்பியும் கேமராவுமாக ஒரு வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. ஒரு வெளிநாட்டவருக்கு முப்பது பேருக்கு மேல் நம்மவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை காயலோரக் கிராமத்தின் ஒற்றையடிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் நகரத்துக்காரர்களின் கார்தான். இந்தப் பேச்சு யாரோ அந்நியரைப் பற்றியது என்ற எண்ணத்தை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுவது நல்லது.

கும்பளங்கியை எடுத்துக்கொள்வோம். கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த மீனவக் கிராமம். 2003-ல் இந்தியாவின் முதல் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. அப்போது சுற்றுலாத் துறையையும் மீன்வளத் துறையையும் வைத்திருந்த அமைச்சர் கே.வி. தாமஸ் அந்த ஊர்க்காரர். அரசியலுக்கு முன் இதே தேவராவின் சேக்ரட் ஹார்ட் கல்லூரியில் வேதியியல் ஆசிரியர். திட்டத்தின் அடிப்படை எளிமையானது. பெரிய விடுதி கட்டுவதில்லை. வருகிறவர்கள் வீடுகளில் தங்குவார்கள். சீனவலை இழுப்பதையும் நண்டு வளர்ப்பதையும் கயிறு திரிப்பதையும் அவை நடக்கும் இடத்திலேயே பார்ப்பார்கள். ஊர்க்காரர் தம் தொழிலை விடாமல் கூடுதலாக நாலு காசு பார்ப்பார். இருபது ஆண்டுகளில் இது பெரிய பணம் கொழிக்கும் வியாபாரமாகவில்லை. அதைத் தோல்வி என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காயலோரத்தில் இத்தனை ஆண்டுகள் சுற்றுலாவின் பெயரைச் சுமந்துகொண்டு, மீன்பிடிக் கிராமமாகவே இருந்துவிடுவது சிறிய காரியமல்ல. 2022 ஜனவரியில் இதே ஊராட்சி, சானிட்டரி நாப்கின் இல்லாத முதல் கிராமம் என்று அறிவிக்கப்பட்டது. பெண்களுக்கு மாதவிடாய்க் கிண்ணங்களைக் கொடுத்துப் பழக்கிய பிறகு வந்த அறிவிப்பு அது. குப்பை எங்கே போகிறது என்று யோசிக்கத் தெரிந்த ஊராட்சிக்குத்தான் இப்படி ஒரு எண்ணமே வரும்.

அதே கும்பளங்கியில் ஊராட்சி எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. 2019-ல் 'கும்பளங்கி நைட்ஸ்' திரைப்படம் வந்தது. கோடையில் காயல்நீரில் உப்பு ஏறும்போது இரவில் நீர் நீலமாக ஒளிரும். ஊரார் அதைக் கவரு என்பார்கள். நுண்ணுயிர்களின் வேலை. படத்தில் அது வந்த பிறகு, கோடை இரவுகளில் அதைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அது ஒளிரும் இடம் எது என்று கவனியுங்கள். பொக்காளி வயல்களும் இறால் வளர்க்கும் கெட்டுகளும்தான். பொக்காளி என்பது உப்பைத் தாங்கும் நெல். மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் விதைத்து, ஐப்பசி வாக்கில் அறுத்துவிட்டு, அதே வயலில் காயல்நீரை விட்டு ஏப்ரல் வரை இறால் வளர்ப்பார்கள். நீரை ஏற்றி இறக்க வரப்பில் மரத்தால் ஒரு தூம்பு உண்டு. இரவில் ஓதம் ஏறும்போது தூம்பின் மேல் விளக்கு வைத்து இறால் குஞ்சுகளை உள்ளே வரவைப்பார்கள். ஓதம் வடியும்போது தூம்பு வாயில் வலை கட்டிப் பிடிப்பார்கள். ஆக, கெட்டுக்காரர் தொழில் செய்யும் நேரமும் நகரத்துக்காரர் வேடிக்கை பார்க்க வரும் நேரமும் ஒன்றுதான். சேற்றை வாரி அணைத்த வரப்பு ஒருவர் பின் ஒருவராக நடக்கத்தான் தாங்கும். நீர் கலங்கினால் ஒளி கூடும் என்பதால் கல்லெறிகிறவர்களும் உண்டு. இதற்கு மாநிலச் சுற்றுலாக் கொள்கையில் எந்தப் பத்தி பதில் சொல்லும்? எந்த வரப்பில் ஆள் நிற்கலாம், எத்தனை மணி வரை நிற்கலாம், கார் எங்கே நிற்கும், வரப்பு உடைந்தால் யார் காசு என்பதையெல்லாம் அந்த வயல்களின் பெயர் தெரிந்தவர்கள்தான் தீர்மானிக்க முடியும். உள்ளூர்க் கொள்கை என்று நான் சொல்வது இந்த அளவுக்கு நுணுக்கமான காரியத்தை.

அடுத்து குமரகம். 1990-களில் வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் பெரிய விடுதிகள் வந்தன. 2000-ம் ஆண்டு முடியும் தறுவாயில் பிரதமர் வாஜ்பாய் அங்கே ஓய்வெடுக்கப் போய், 2001 புத்தாண்டுக்குக் கட்டுரைகள் எழுதி வெளியிட்ட பிறகு ஊரின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. பெயர் பரவியது, ஊர் மக்களுக்கு வந்தது என்ன என்ற கேள்வி அதைவிட வேகமாக எழுந்தது. விடுதிச் சமையலறைக்குக் காய்கறி வெளியிலிருந்து வந்தது. காயலுக்கு இறங்கும் வழிகள் சில இடங்களில் மதிலுக்குள் போயின. நெல்வயல் மனையாக மாறியது. எதிர்ப்பு வலுத்த நிலையில்தான் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தை மாநில அரசு கையில் எடுத்தது. 2007-ல் திருவனந்தபுரத்தில் அதற்காகப் பயிலரங்கு கூடியது. 2008 மார்ச்சில் கொச்சியிலேயே பன்னாட்டு மாநாடு நடந்தது. கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் சோதனை தொடங்கியது. நான்கில் குமரகம் முந்தியதற்குக் காரணம் சுற்றுலாத் துறையின் சாமர்த்தியம் அல்ல. அங்கே ஊராட்சி முன்னால் நின்றது. குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே இருந்தன. 1996-ல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், கூடிப் பேசித் திட்டம் போடுவது அந்த மக்களுக்குப் பழகியிருந்தது.

அங்கே நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வித்தை எதுவும் இல்லை. விடுதிகளுக்கு நாள்தோறும் என்ன காய்கறி, எவ்வளவு வேண்டும் என்று பட்டியல் வாங்கினார்கள். குடும்பஸ்ரீ பெண்கள் வீட்டுத் தோட்டத்திலும் தரிசு கிடந்த வயலிலும் அவற்றைப் பயிரிட்டார்கள். விலையை நிர்ணயிக்க ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பைச் சம்ருத்தி என்ற பெண்கள் அமைப்பு ஏற்றது. சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் குழு நிர்ணயித்த விலைதான் என்பதால், விடுதிக்கும் பயிர் செய்தவருக்கும் கணக்கு முன்கூட்டியே தெரிந்தது. பிறகு ஓலை முடைவது, கயிறு திரிப்பது, கள் இறக்குவது, தோணியில் கால்வாய்க்குள் போவது என்று ஊர் வாழ்க்கையைக் காட்டும் பயணங்கள் வந்தன. அதன் வருமானம் தொழில் செய்கிறவர்களுக்கே போனது. இந்த முயற்சிக்காக ஐக்கிய நாடுகள் உலகச் சுற்றுலா அமைப்பு தன் யுலிசஸ் விருதைக் கேரளத்துக்குக் கொடுத்தது. பொதுக் கொள்கை, நிர்வாகம் என்ற பிரிவில் கிடைத்த விருது அது. 2017-ல் பொறுப்புச் சுற்றுலா இயக்கம் என்று மாநிலம் முழுவதற்கும் தனி அமைப்பே உருவானது.

ஆனாலும் குமரகம் பாதிக் கதைதான். சுற்றுலாவின் எளிய பாதி கொள்முதல். விடுதிக்காரருக்கு வெண்டைக்காய் எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். உள்ளூரில் வாங்கினால் நல்ல பெயரும் கிடைக்கும். கடினமான பாதி நிலம், நீர், கரை. அங்கே விடுதியின் லாபமும் ஊரின் தேவையும் நேருக்கு நேர் மோதும். வேம்பநாட்டுக் காயல் 2002-ல் ராம்சார் ஈரநிலமானது. ஆனால் அதில் எத்தனை ஹவுஸ்போட்டுகள் மிதக்கலாம் என்று தீர்மானிக்கும் ஆள் யாரும் இல்லை. கோழிக்கோட்டில் உள்ள நீர்வள மேம்பாட்டு மேலாண்மை மையம் ஆராய்ந்து, காயல் தாங்கக்கூடியது 262 என்றது. அப்போதே ஓடிக்கொண்டிருந்தவை அதைப்போல் இரு மடங்குக்கு மேல். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். குட்டநாட்டு நெல்லைக் கடல் உப்பிலிருந்து காக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணை இருக்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து கோடை வரை அதன் மடைகளை அடைப்பார்கள். அணைக்குத் தெற்கே நீர் அப்போது கிட்டத்தட்டத் தேங்கியே நிற்கும். ஆகாயத்தாமரை மண்டும். சுற்றுலாவின் உச்சப் பருவமும் அதே மாதங்கள்தான். நீர் நகராத மாதங்களில் அதிகப் படகுகள், அதிகக் கழிவு. நெல்லுக்குப் பொறுப்பான துறை, அணைக்குப் பொறுப்பான துறை, படகுக்குப் பொறுப்பான துறைமுகத் துறை, பயணிக்குப் பொறுப்பான சுற்றுலாத் துறை எல்லாம் தனித்தனி. அந்த நீரில் குளிக்கிறவரும் வலை வீசுகிறவரும் ஓட்டுப் போடுவது ஊராட்சிக்கு. ஊராட்சியின் குரல் இவற்றில் எங்கும் இல்லை.

ஊராட்சிக்கு அதிகாரம் வேண்டும் என்றதும் எழும் முதல் மறுப்பு மரடுதான். அதை மழுப்பக் கூடாது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளை மீறிக் காயலோரத்தில் அடுக்குமாடிகள் கட்ட 2006-ல் அனுமதி கொடுத்தது அன்றைய மரடு ஊராட்சி. சுற்றுலாவுக்கான கட்டடங்கள் அல்லதான். ஆனால் அவை விற்றதும் அதே காயல் காட்சியைத்தான். அடுத்த ஆண்டே ஊராட்சி நோட்டீஸ் அனுப்பியது. கட்டியவர்கள் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார்கள், கட்டடம் வளர்ந்தது, வீடுகள் விற்றுத் தீர்ந்தன. 2019 மே 8-ல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளும் தூளாயின. 343 வீடுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், விதி மீறலில் பங்கில்லாதவர்கள் கூட, தெருவில் நின்றார்கள். பாணாவள்ளி ஊராட்சியைச் சேர்ந்த நெடியதுருத்தில் கட்டிய கப்பிகோ விடுதியின் கதையும் இதுவே. அனுமதி ஊராட்சியுடையது. 54 வில்லாக்கள் எழும்பின. அந்த நீரில் கழிகளை நட்டு ஊன்றிவலை கட்டி மீன் பிடித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2013-ல் உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, இடிப்பு 2022 செப்டம்பரில்தான் தொடங்கியது. ஒரு விருந்தினர்கூடத் தங்காமலே விடுதி மறைந்தது.

இரண்டிலும் அனுமதித் தாள் ஊராட்சியிலிருந்துதான் போனது என்பதால், பார்த்தீர்களா, இவர்களிடமா இன்னும் அதிகாரம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 'ஊராட்சி கொடுத்தது' என்னும்போது கையெழுத்துப் போட்டது யார்? கட்டட விதிகளின்படி அனுமதி கொடுப்பவர் செயலாளர். அவர் அரசு ஊழியர். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊர்ச்சபையில் அதைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேரளத்தில் ஊர்ச்சபை வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். அங்கே பயனாளிகள் பட்டியல் படிக்கிறார்கள். காயலோரத்தில் எழும்பப்போகும் விடுதியின் வரைபடம் வருவதில்லை. நெடியதுருத்தில் வலைக்கழிகள் இருந்த இடம் அந்த வார்டு மீனவர் எல்லோருக்கும் தெரியும். கோப்பு ஒரே ஒரு முறை அவர்கள் முன்னால் வந்திருந்தால், பத்து ஆண்டு வழக்கு தேவைப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். மரடும் கப்பிகோவும் காட்டுவது ஊராட்சிக்கு அதிகாரம் கூடிப்போனதை அல்ல. ஊர் அறியாமல் அந்த அதிகாரம் பயன்பட்டதை. மேலிருந்து வரும் வரம்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. கடற்கரை விதிகளும் 2008-ன் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டமும் ஊராட்சி தாண்டக் கூடாத வேலி. வேலிக்குள் எதை நடலாம் என்பதை ஊர் முடிவு செய்யட்டும்.

ஊராட்சி துணிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சுற்றுலாவுக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய வாழும் எல்லைப்பகுதியில், பெருமாட்டி ஊராட்சி 2003-ல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் வற்றுகிறது என்பது காரணம். மாநில அரசின் உள்ளாட்சித் துறையே அந்த முடிவுக்குக் குறுக்கே நின்றது. உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு ஊராட்சி பக்கம் சாய்ந்தது, 2005-ல் மேல் அமர்வின் தீர்ப்பு ஆலையின் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு நிலையாக ஓடவே இல்லை. அந்த ஊராட்சியிடம் இருந்த ஆயுதம் உரிமப் படிவம் ஒன்றே. இன்று அந்தப் படிவமே இளைத்துக்கொண்டிருக்கிறது. 2019-ல் கேரளம் கொண்டுவந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் வசதிச் சட்டத்தின்படி, பல தொழில்களை ஒப்புகைச் சான்றிதழ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு வரை நடத்தலாம், உரிமங்கள் பிறகு. தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் இது பெரிய உதவி, மறுக்கவில்லை. காயலோரத்தில் தங்கும் விடுதிக்கும் அதே அவசரம் காட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

அடுத்த மறுப்பு பிழைப்பு பற்றியது. கட்டுப்பாடு என்று கிளம்பினால் வேலை போகும், படகோட்டியும் சமையல்காரரும் டாக்சிக்காரரும் பட்டினி கிடப்பார்கள் என்பார்கள். படகோட்டியின் பெயரில் பேசுகிறவர் பெரும்பாலும் படகோட்டியாக இருப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தையும் 2020-ன் ஊரடங்கையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் பயணிகள் வரவு ஒரே நாளில் நின்றது. அப்போது தாக்குப்பிடிக்க வழி இருந்தவர் யார்? வலையும் வயலும் இன்னும் கையில் வைத்திருந்தவர். நிலத்தை விற்று, வலையைக் கரையேற்றி, விடுதி வாசலில் சம்பளத்துக்கு நின்றவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. சுற்றுலா கூடுதல் வருமானமாக இருக்கும்வரை கிராமத்துக்குப் பலம். ஒரே வருமானமாகிவிட்டால் அதுவே பலவீனம். ஆகவே மீன்பிடி இடத்தையும் பொக்காளி வயலையும் காப்பது சுற்றுலாவுக்கு எதிரான வேலையல்ல. பாதுகாப்பு விஷயத்திலும் தளர்வு ஏழைக்கு உதவுவதில்லை. 2023 மே 7-ல் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றிச் சுற்றுலாவுக்கு விட்ட படகு அது. எந்தத் துறை அந்தப் படகை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற விவாதம் பிறகு நடந்தது. அது தினமும் கிளம்பியது எல்லோரும் பார்க்கும் கரையிலிருந்துதான்.

காயல் ஊராட்சி எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை என்பது இன்னொரு மறுப்பு. உண்மை. வேம்பநாடு மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஓர் ஊராட்சி கண்டிப்பாக இருந்தால் ஹவுஸ்போட் பக்கத்து ஊராட்சியில் கட்டிக்கொள்ளும். இதற்கு மாற்று, முடிவை மேலே தூக்கிக்கொண்டு போவதுதானா? நீலகிரியையும் கொடைக்கானலையும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு உதகைக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு போட்டது நீதிமன்றம். தேவையான நடவடிக்கைதான். ஆனால் மலையடிவாரத்தில் எண்ணப்படுவது வண்டி. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஓடை நீரை யார் குழாய் போட்டு எடுக்கிறார்கள், பூண்டு வயலுக்கு நடுவில் எத்தனை குடில்கள் முளைத்தன என்பதைச் சோதனைச்சாவடி எண்ணாது. மேலிருந்து வரும் எண் மொத்தக் கூட்டத்தைக் குறைக்கும். கூட்டம் எங்கே உட்காருகிறது என்பதைக் கீழிருந்துதான் சொல்ல முடியும். ஊராட்சிகளைச் சேர்த்து உட்கார வைக்கும் ஏற்பாடும் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 243 இசட்-டி பிரிவின்படி மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று உண்டு. ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டக் குழுக்கள் மூன்றும் கூடி, காயலுக்கு ஒரே படகு எண்ணிக்கையை முடிவு செய்து கரையோர ஊராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஊர் தானே முடிவெடுத்து நடத்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. சிக்கிமில் லாச்சென் மலைக்கிராமத்தின் பாரம்பரிய ஊர் அவையான ஜும்சா, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தானே தடை விதித்து நடத்திக் காட்டியது. அந்த ஒழுங்குக்காக ஊர் மேலிடத்தின் ஆணைக்குக் காத்திருக்கவில்லை.

கடைசியாகப் பணம். சொல்லப்போனால் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. விடுதி அறை வாடகையில் வரும் ஜிஎஸ்டி மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிறது. முன்பிருந்த சொகுசு வரியும் மாநிலத்துக்கே போனது. குப்பையும் சாலைத் தேய்மானமும் ஊராட்சிக்கு. ஜிஎஸ்டிக்காக அரசியலமைப்பைத் திருத்தியபோதும் கேளிக்கை வரியை உள்ளாட்சிகள் தாமே போட்டுத் தாமே வசூலிக்கும் உரிமை மாநிலப் பட்டியலின் 62-வது பொருளில் விட்டுவைக்கப்பட்டது. காயல் சவாரிக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை மாநிலங்கள் தெளிவாக்கினால் ஊராட்சிக்குச் சொந்த வருமானம் பிறக்கும். வெனிஸ் நகராட்சி 2024-ல் பகல்நேரப் பயணியிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கூட்டம் குறைந்ததா என்பது வேறு விவாதம், காசு நகராட்சிக்குப் போகிறது. நம்மிடம் நடப்பது தலைகீழ். கேரளச் சுற்றுலாத் துறையின் 'டெஸ்டினேஷன் சேலஞ்ச்' திட்டம், ஒவ்வோர் ஊராட்சியும் புதிதாக ஒரு சுற்றுலா இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறது. செலவில் 60 விழுக்காடு, 50 லட்சம் ரூபாய் வரை, துறை தரும். மீதி ஊராட்சி போட வேண்டும். கூட்டத்தை வரவழைக்கக் காசு உண்டு; எவ்வளவு கூட்டம் போதும் என்று அளக்க அத்திட்டத்தில் இடமில்லை. நகரத்தின் சுமையைக் கிராமத்தின் தலையில் இறக்கிவிட்டு மறந்துபோகும் பழக்கம் கொச்சிக்குப் புதிதல்ல. 2023 மார்ச் 2-ல் பற்றிக்கொண்டு நாள்கணக்காக எரிந்த பிரம்மபுரம் குப்பைமேடு கொச்சி மாநகராட்சியுடையது. அது இருக்கும் இடம் வடவுகோடு-புத்தன்குரிசு ஊராட்சி. புகை தேவரா வரை வந்தபோதுதான் நகரம் அந்த ஊராட்சியின் பெயரை உச்சரித்தது.

ஆக ஊராட்சியின் சுற்றுலாக் கொள்கை என்று தனியாகக் கனத்த புத்தகம் வேண்டியதில்லை. காயலோர வார்டுகளில் வலை கட்டும் இடங்கள், படகு இறங்கும் வழிகள், தூம்புகள், வரப்புப் பாதைகள் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்து ஊராட்சித் தீர்மானமாக்க வேண்டும்; கட்டட விண்ணப்பம் வரும்போது செயலாளர் அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டே கையெழுத்திட வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தங்கும் இடங்களின் விண்ணப்பம் ஊர்ச்சபையில் படிக்கப்படாமல் அனுமதி பெறக் கூடாது. உரிமம் புதுப்பிக்கும்போது கழிவுநீர் எங்கே போகிறது, உள்ளூரில் எவ்வளவு வாங்கினீர்கள் என்ற இரண்டுக்கும் விடுதி எழுத்தில் பதில் தர வேண்டும். ஹோம்ஸ்டே என்ற பெயரில் உரிமையாளர் குடியிருக்காத வீடுகள் நடக்கின்றனவா என்று ஊராட்சியே பார்க்கலாம். உரிமையாளர் அங்கே வசிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நிபந்தனைதான். கவரு பருவத்துக்கு வார்டு அளவில் நேர வரம்பும் வண்டி நிறுத்தமும் கட்டணமும் வேண்டும். அந்தக் கட்டணம் வரப்புப் பராமரிப்புக்குப் போக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

இந்த அவையில் இருப்பவர்களில் பலருக்குக் கும்பளங்கியிலோ செல்லானத்திலோ பாணாவள்ளியிலோ உறவும் ஓட்டும் இருக்கும். ஓட்டு இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள். ஓட்டு உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஊர்ச்சபைக்குப் போங்கள். நிலுவையில் உள்ள தங்கும் விடுதி விண்ணப்பங்களின் பட்டியலைக் கேளுங்கள், காயல் வழிகளின் வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள். பயணிகளாகப் போகிறவர்கள் காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, தூம்பருகே விளக்கு எரிந்தால் அந்த வரப்பில் ஏறாமல் திரும்புங்கள்.